கறுத்த ஒயிலும் சீமெந்தும்: வன்னியில் ஒரு பழைய பழக்கத்தின் வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளபோது ஆறுதலாக வாசியுங்கள். வீடு கட்டுபவர்களும், கல் அரிபவர்களும், கராச் வைத்திருப்பவர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

உழவு மெசினுக்கோ லொறிக்கோ ஒயில் மாற்றினால் கறுத்த ஒயில் மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது? எங்கள் ஊர்களில் இதற்குப் பல பதில்கள் உண்டு. கறையான் அரிக்காமல் வேலிக்கட்டைக்குப் பூசுவார்கள். கொங்கிறீட் போடும் பலகைக்கும் கல் அரியும் அச்சுக்கும் தடவுவார்கள். இப்போது இன்னொரு பதிலும் அடிக்கடி காதில் விழுகிறது: "சீமெந்துக் கலவைக்குள்ளேயே கொஞ்சம் ஊத்தினா கலவை இளகி நல்லா வரும், தண்ணியும் கசியாது. வெளிநாட்டிலயும் இப்பிடித்தான் செய்யிறாங்களாம்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி எங்கள் கிணறுகளுக்கு ஆபத்தானது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, இதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

கட்டடத்துக்குள் எண்ணெய் சேர்ப்பது புதிய எண்ணம் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற உரோமாபுரிக் கட்டடக் கலைஞர், திறந்த வெளித் தளங்கள் மழையிலும் பனியிலும் பழுதாகாமல் இருக்க, சுண்ணாம்பை எண்ணெயோடு பிசைந்து கல் இடுக்குகளில் அடைக்கச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னர் ஒலிவ எண்ணெயின் அடிமண்டியைத் தளத்துக்கு ஊட்டவும் சொன்னார். எண்ணெய் ஆலையில் மிஞ்சும் கழிவுக்கு அன்றைக்கே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

தமிழகத்தில் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் ஊறிய தண்ணீர், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர்கள் அப்படி வந்தவைதான். எங்கள் கரையோரங்களில் மரத் தோணிகளுக்குக் குங்கிலியமும் மீனெண்ணெயும் பூசினார்கள். தண்ணீரைத் தடுப்பது, பொருளின் ஆயுளைக் கூட்டுவது, கையில் இருக்கும் மிச்சத்தை வீணாக்காமல் விடுவது. நோக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை இங்கேயே குறித்து வைப்போம். அந்த எண்ணெய்கள் எல்லாம் காயில், மரத்தில், மீனில் இருந்து வந்தவை. மண்ணில் விழுந்தால் மண் அவற்றைத் தின்றுவிடும்.

*

வன்னியின் பழைய வீடு மண் சுவரும் கிடுகுக் கூரையும் சாணம் மெழுகிய தரையும்தான். சீமெந்து எங்கள் பக்கம் பரவலாக வந்தது பிந்தித்தான். இலங்கையின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை காங்கேசன்துறையில் 1950 இல் இயங்கத் தொடங்கியது. வடக்கின் சுண்ணாம்புக் கல் வடக்கிலேயே சீமெந்தானது.

ஏறக்குறைய அதே தலைமுறையில்தான் குடியேற்றத் திட்டங்களோடு காடு வெட்டி வயல் விரிந்தது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் கீழ் ஆட்கள் குடியேறினார்கள். எருது இழுத்த இடத்துக்கு உழவு மெசின் வந்தது. துலா மிதித்த கிணற்றுக்குத் தண்ணீர்ப் பம்பி வந்தது. நெல் ஏற்ற லொறி வந்தது. ஆக, வன்னிக்குச் சீமெந்தும் எஞ்சின் ஒயிலும் கிட்டத்தட்ட கைகோத்துக்கொண்டு வந்தவை என்றே சொல்லலாம். ஒன்றின் கழிவு மற்றதன் வேலைக்குப் பயன்பட்டதில் ஆச்சரியம் இல்லை. பலகை ஒட்டாமல் கழர வேண்டும், அச்சிலிருந்து கல் உடையாமல் வர வேண்டும். அதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. கராசில் சும்மா கிடைத்தது.

*

கலவைக்குள் ஊற்றும் கதை வேறு எங்கோ தொடங்கியது. குளிர் நாட்டில்.

1930களில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலப் பக்கம் கொங்கிறீட் வீதிகளைப் பார்த்த பொறியியலாளர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. பனிக்காலம் போனதும் சில வீதிகளின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது. வேறு சில வீதிகள் அப்படியே நின்றன. காரணம் தேடிப் போனால், நன்றாக நின்ற வீதிகளின் சீமெந்தில், அதை அரைக்கும்போது சேர்ந்த கொழுப்பும் எண்ணெயும் இருந்தன.

நடந்தது இதுதான். அந்தக் கொழுப்பு, கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகளை உண்டாக்கியது. கொங்கிறீட்டின் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது பருக்கும். பருக்க இடம் இல்லாவிட்டால் கொங்கிறீட்டை உடைத்துவிடும். குமிழிகள் அந்த இடத்தைக் கொடுத்தன. பிறகு பைன் மரப் பிசினில் இருந்து இதற்கென்றே இரசாயனங்கள் செய்து விற்றார்கள். குளிர் நாடுகளில் இன்றைக்கும் வெளி வேலைக் கொங்கிறீட்டுக்கு இது வழமை.

பழைய அரைவை ஆலைகளில் இயந்திரத்து ஒயில் கசிந்து சீமெந்தில் கலந்ததால் கொங்கிறீட் பனியைத் தாங்கியது என்ற கதையும் கட்டடத் துறையில் நெடுங்காலம் உலாவியது. அப்படியென்றால் வாகனத்தின் கழிவு ஒயிலையே ஊற்றினால் என்ன? கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

*

அந்தக் கேள்வியைப் பரிசோதனைக்கூடத்தில் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் பெய்ரூத்தில் இருந்தார்கள். லெபனானில் 1975 இலிருந்து 1990 வரை உள்நாட்டுப் போர். போர் முடிந்ததும் நகரம் முழுக்கக் கட்டட வேலை, வீதி முழுக்க வாகனம், போக்கிடம் இல்லாத கழிவு ஒயில். எங்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பிலால் ஹமத்தும் அவருடைய சகாக்களும் தங்கள் ஆய்வை 2003 இல் வெளியிட்டார்கள். (பிலால் ஹமத் பின்னர் பெய்ரூத் நகர மேயராகவும் இருந்தவர்.) கழிவு ஒயில் சேர்த்த கலவை நன்றாக இளகியது. அதில் அடங்கிய காற்று ஏறத்தாழ இரட்டிப்பானது. நசுக்கும் சுமையைத் தாங்கும் பலம் பெரிதாகக் குறையவில்லை. வளைவையும் இழுவையையும் தாங்கும் பலம் ஓரளவு குறைந்தது. பிறகு மலேசியாவின் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இதைத் தொடர்ந்தார்கள். எரிசாம்பலோடும் உமிச்சாம்பலோடும் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆகவே "வெளிநாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள்" என்பது உண்மை. மேசன்மார் சொல்லும் "கலவை இளகும்" என்பதும் உண்மை. அவர்களுடைய கைப்பழக்கத்தைப் பழிக்க நாங்கள் வரவில்லை.

ஆனால் அளவைக் கவனியுங்கள். இந்த மாதிரியான சோதனைகளில் சேர்க்கும் ஒயில் சீமெந்தின் எடையில் 0.15 வீதம், 0.30 வீதம் போன்ற அளவுதான். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தக் கணக்கைச் செய்வார்கள். ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. அதில் 0.15 வீதம் என்றால் 75 கிராம். ஒரு சின்னத் தேநீர்க் கிளாசில் பாதி. ஒரு லீற்றர் ஒயில் 880 கிராம் அளவு வரும். "ஒரு பைக்கு ஒரு போத்தல்" என்று ஊற்றினால், அது ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. ஆய்வில் வந்த முடிவு அந்தக் கலவைக்குப் பொருந்தாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒரு உழவு மெசினில் ஒருதரம் இறக்கும் ஒயில் ஏழு லீற்றர் என்று வைத்தால், சரியான அளவில் அது எண்பது பை சீமெந்துக்குக் காணும். ஊரில் எத்தனை மெசின், எத்தனை லொறி, எத்தனை முச்சக்கர வண்டி! எல்லா ஒயிலையும் முறைப்படி கொங்கிறீட்டுக்குள் தள்ளி முடிக்க முடியாது. முடிக்க வேண்டும் என்று நினைத்தால் அளவு கூடும். அளவு கூடினால் கல் கெடும்.

*

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு, கிளிநொச்சி மக்களும் கையில் கிடைத்ததோடு போனோம். அந்த வருடமே காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் போரால் நின்றுபோனது. புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் கிடுகுக் கொட்டில்களில் எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். நாட்டின் பெரிய சீமெந்துத் தொழிற்சாலை இருந்தது அதே புத்தளத்தில்தான். ஆனாலும் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போடுவதே பலருக்குக் கனவாக இருந்தது.

இங்கே நின்ற தமிழ் அயலவர்களுக்கு வேறு விதமான கஷ்டம். பொருளாதாரத் தடையில் சீமெந்து, கம்பி, எரிபொருள் எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மோட்டார் சைக்கிளை ஒரு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பங்கருக்குக் கொங்கிறீட் இல்லை, பனங்குற்றிதான். எதையும் எறியாத காலம் அது. பழைய ஒயிலும் ஒரு சொத்து. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தபோதுதான் சீமெந்து லொறிகள் திரும்ப வந்தன. அதுவும் ஐந்து வருடம் நிலைக்கவில்லை.

நாங்கள் கொட்டிலில் கற்றதும் அவர்கள் தடைக்குள் கற்றதும் ஒரே பாடம்தான்: கையில் இருப்பதை வைத்துச் சமாளி. 2009 க்குப் பிறகு இரண்டு பகுதியும் திரும்பி வந்து ஒரே நேரத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது இந்தப் பாடமும் கூடவே வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். கட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. விலை ஏற ஏற, பலர் மிச்சம் பிடித்தது கல்லிலும் கலவையிலும்தான். 2022 நெருக்கடியில் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாய் அளவுக்குப் போனபோது அந்த எண்ணம் இன்னும் கூடியது.

இங்கேதான் ஒயில் ஏமாற்றுகிறது. ஒயில் சீமெந்துக்குப் பதில் இல்லை. அது பிடிமானம் தராது, கலவையை இளக்கும், அவ்வளவுதான். ஆனால் இளகிய கலவை கையில் வழவழப்பாக இருப்பதால், சீமெந்து போதுமான அளவு விழுந்தது போலத் தெரியும். பைக்கு இன்னும் பத்துக் கல் கூட அரியலாம் என்று தோன்றும். அரிந்த அன்று கல் அழகாகவும் இருக்கும். ஏற்றி இறக்கும்போதுதான் மூலை உதிரும்.

பனியைப் பற்றியும் யோசியுங்கள். ஒயில் சேர்ப்பதன் பெரிய நன்மையாகச் சொல்லப்பட்டது, உறைபனியில் வெடிக்காது என்பது. நுவரெலியாவில் தை மாதம் பூப்பனி விழும். முள்ளியவளையில் எப்போது விழுந்தது? காற்றுக் குமிழியால் எங்களுக்கு வரும் நன்மை இல்லை. நட்டம் இருக்கிறது. பொதுவாகக் கொங்கிறீட்டில் நூற்றுக்கு ஒரு பங்கு காற்றுக் கூடினால் பலம் நூற்றுக்கு ஐந்து அளவில் குறையும் என்பது பொறியியலில் வழங்கும் கணக்கு. குளிர் நாட்டுக்காரன் பனிக்குக் கொடுக்கும் விலையை, பனி இல்லாத நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

*

கடைசியாகத் தண்ணீர். எங்களுக்குப் பெரிய கவலை இதுதான்.

எஞ்சினில் ஓடிய ஒயில் கடையில் வாங்கிய ஒயில் இல்லை. அதற்குள் தேய்ந்த உலோகத் தூள், துத்தநாகம், எரிந்த எரிபொருளின் நச்சுப் பொருட்கள் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. நெடுநாள் தோலில் படுவது புற்றுநோய்க்கு வழி என்பதை எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. ஒருதரம் ஒயில் மாற்றும்போது வெளியேறும் ஒரு கலன் ஒயில் பத்து இலட்சம் கலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் எச்சரிக்கிறது.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அங்கே மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வீட்டில் கிணறு இருந்தும் சனம் தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் காசு கட்டியதும் கிணறு பழைய கிணறாகிவிடாது.

அது பெரிய நிலையம், நாங்கள் ஊற்றுவது ஒரு போத்தல் என்று யாரும் சொல்லலாம். ஆனால் எங்கள் வாழ்க்கை வளவுக் கிணற்றில்தான் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் வுழூ செய்யவும் அதே தண்ணீர்தான். கல் அரியும் இடமும் கராசும் பெரும்பாலும் அந்தக் கிணற்றில் இருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. மழை பெய்தால் மண்ணில் சிந்தியது எங்கே போகும்?

கொங்கிறீட்டும் கண்ணாடி இல்லை. அதில் நுண்துளைகள் உண்டு. அதனால்தான் தண்ணீர்த் தாங்கியும் கிணற்று வளையமும் பள்ளிவாசல் ஹவுழும் கட்டும்போது "கசியாது" என்று நம்பி ஒயில் சேர்ப்பது மிகவும் பிழையான இடத்தில் செய்யும் வேலை. அந்தச் சுவரோடு தண்ணீர் வருடக்கணக்கில் நிற்கிறது. பெய்ரூத்தில் அளந்தது இளக்கத்தையும் காற்றையும் பலத்தையும். எங்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கு அந்த அளவீடுகள் பொறுப்பு ஏற்காது. மக்கள் பயன்படுத்தும் தண்ணீரையும் நிழலையும் அசுத்தப்படுத்தக் கூடாது என்பது மத்ரஸாவில் சிறுவயதிலேயே நாம் எல்லோரும் படித்த பாடம்.

*

அப்படியென்றால் என்ன செய்யலாம்? எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறோம்.

கலவைக்குள் கழிவு ஒயில் வேண்டாம். தண்ணீர் படும் எந்த வேலைக்கும் அறவே வேண்டாம். கசியாமல் இருக்க நல்ல மணல், போதிய சீமெந்து, குறைந்த தண்ணீர், ஏழு நாளாவது நனைத்து வைப்பது. இவை போதும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கென்று அளவு குறித்து விற்கும் மருந்து கடையில் இருக்கிறது.

பலகைக்கும் அச்சுக்கும் பூசுவதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல முடியாது. பூசினால் துணியால் மெல்லிசாகத் துடைத்த மாதிரிப் பூசுங்கள். வழிந்து மண்ணில் சிந்தக் கூடாது. கம்பியில் பட்டால் கொங்கிறீட் கம்பியைப் பிடிக்காது. அதிகம் பூசிய சுவரில் பூச்சும் நிற்காது. வெறுங்கையால் தொட வேண்டாம். பிள்ளைகளை அந்த வேலைக்கு விட வேண்டாம்.

கராச் வைத்திருக்கும் சகோதரர்களே, ஒயிலைக் கானுக்குள் விடாமல் மூடியுள்ள கலன்களில் சேருங்கள். 2008 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின் கீழ் கழிவு ஒயில் ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சேகரிக்கவும் கொண்டுபோகவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கராசும் தனித்தனியாக அழைத்தால் ஐந்து கலனுக்கு யாரும் வரமாட்டார்கள். பிரதேச சபையும் வர்த்தக சங்கமும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் சேர்ந்து ஓர் இடத்தில் சேர்த்தால் லொறி வரும்.

அப்படிப் போகும் கழிவுக்கு உரிய இடங்களில் ஒன்று எது தெரியுமா? புத்தளம் சீமெந்துச் சூளை. சுண்ணாம்புக் கல்லைச் சீமெந்தாக்க அந்தச் சூளைக்குள் 1,450 பாகை வெப்பம் வேண்டும். அந்த நெருப்பில் ஒயில் எரிபொருளாகும். மற்ற எரிபொருளில் ஒரு பங்கு மிச்சமாகும். நாங்கள் அகதிகளாக இருந்த ஊரின் சூளை அது. கறுத்த ஒயில் சீமெந்தோடு சேருவதற்குச் சரியான இடம் எங்கள் கலவைத் தட்டு இல்லை, அந்த நெருப்புத்தான்.

தட்டுப்பாட்டுக் காலம் எங்களுக்கு எதையும் வீணாக்காத குணத்தைக் கற்றுத் தந்தது. அந்தக் குணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மிச்சம் பிடிக்கும் பொருளின் பட்டியலில் கிணற்றுத் தண்ணீரை முதலாவதாக எழுதச் சொல்கிறோம்.

உங்கள் ஊரில் பழைய ஒயிலை வேறு எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தடைக் காலத்து மேசன்மாரின் அனுபவம் எங்கும் எழுதப்படாமல் போகக் கூடாது. மேசன் வேலை செய்யும் உறவுகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.